கிரனாஷ், சிரா, மூர்வேத்ர்: தென் பிரான்ஸின் சிவப்பு ஒயின் ஏன் கலவையாகவே வருகிறது?

'கோத் டு ரோன்' என்று எழுதிய சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தால், பகுதியின் பெயர் இருக்கும், தயாரித்தவர் பெயர் இருக்கும், அறுவடை ஆண்டு இருக்கும், ஆல்கஹால் 14 சதவீதம் என்றோ 14.5 என்றோ இருக்கும். எந்தத் திராட்சை என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஆஸ்திரேலிய பாட்டில் என்றால் ஷிராஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நாசிக் பாட்டிலிலும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரர்கள் இதை மட்டும் ஏன் சொல்லாமல் விடுகிறார்கள் என்று புதிதாக வாங்குபவருக்குக் குழப்பம் வரும்.

உள்ளே இருப்பது ஒரே திராட்சையின் சாறு கிடையாது என்பதுதான் காரணம். பொதுவாக இரண்டு மூன்று வகை இருக்கும், சில பாட்டில்களில் பத்துக்கும் மேல். அந்தப் பகுதியில் எந்தத் திராட்சையும் தனியாக நின்றால் ஏதாவது ஒன்று குறைகிறது. அதை இன்னொன்றை வைத்து நிரப்புவதுதான் அங்கே ஒயின் செய்பவரின் பாதி வேலை. எந்தத் திராட்சைக்கு என்ன குறை, எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்று பிடிபட்டுவிட்டால், தென் பிரான்ஸ் ஒயினைத் தேர்ந்தெடுப்பதும் சுவைப்பதும் சுலபமாகிவிடும்.

அதற்கு முன்னால் இரண்டு அடிப்படை விஷயங்களைப் பார்த்துவிடலாம்: 'டிரை' என்றால் என்ன, சிவப்பு நிறம் எங்கிருந்து வருகிறது.

டிரை, சிவப்பு

தெற்கத்தி வெயிலில் நன்றாகப் பழுத்த திராட்சையைப் பிழிந்தால் ஒரு லிட்டர் சாறில் 230, 240 கிராம் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை கரைந்தால் 1 சதவீத ஆல்கஹால். கணக்குப் போட்டால் 240 கிராம் என்பது 14 சதவீதத்தில் வந்து நிற்கும். ஈஸ்ட் வேலையைக் கடைசிவரை முடித்துவிட்டால் மிஞ்சும் சர்க்கரை லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். அதுதான் டிரை ஒயின். ஐரோப்பிய விதியில் பொதுவான வரம்பு லிட்டருக்கு 4 கிராம்.

கோவாவில் விற்கும் போர்ட் ஒயினை மனதில் வைத்துக்கொண்டு இதைக் குடிப்பவர்கள் முதல் மடக்கில் முகத்தைச் சுளிப்பார்கள். அது இனிப்பு ஒயின், இது இனிப்பே இல்லாதது. குழப்பத்தைக் கூட்ட, கிரனாஷ் சேர்ந்த ஒயினில் ஸ்ட்ராபெரி ஜாம் மாதிரி வாசனை வரும். மூக்கு இனிப்பு என்று சொல்லும், நாக்கு இல்லை என்று சொல்லும். ஆல்கஹாலுக்கே லேசான இனிப்புச் சாயல் உண்டு என்பதால் 15 சதவீத ஒயின் இன்னும் ஏமாற்றும். பழ வாசனையும் சர்க்கரையும் வேறு வேறு என்று பிரித்துப் பழகுவதுதான் சிவப்பு ஒயினில் முதல் பாடம்.

நிறம் தோலிலிருந்து வருகிறது. கருந்திராட்சையின் சாறு அனேகமாக நிறமற்றது. தோலோடு சேர்த்து ஒரு வாரமோ மூன்று வாரமோ ஊறவைத்துப் புளிக்கவிட்டால்தான் சிவப்பு இறங்கும். கூடவே டானினும் இறங்கும். பச்சைப் பாக்கைக் கடித்தால் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்புதான் டானின். தோல் தடிமனாக இருக்கும் திராட்சை நிறமும் துவர்ப்பும் நிறையக் கொடுக்கும், மெல்லிய தோல் கொஞ்சமாகக் கொடுக்கும். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் தானாகப் புரியும்.

வெயிலும் காற்றும் இருக்கும் நாடு

ரோன் நதி லியோன் நகரைத் தாண்டித் தெற்கே இறங்கும்போது முதலில் செங்குத்தான மலைச்சரிவுகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே வடக்கு ரோனில் சிவப்பு ஒயினுக்கு சிரா என்ற ஒரே திராட்சைதான். மொந்தேலிமார் ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கு விரிந்து, ஒலிவ மரமும் லாவண்டரும் தலைகாட்டத் தொடங்கும். அங்கிருந்து அவிஞோன் வரை தெற்கு ரோன். நதிக்கு மேற்கே, மத்தியதரைக் கடலை ஒட்டி நீம், மொம்பெலியே, நார்போன் என்று போகும் பெரிய நிலப்பரப்பு லாங்தோக். அதற்கும் கீழே ஸ்பெயின் எல்லைவரை ரூசிலோன். கிழக்கே ப்ரோவான்ஸ். இந்த மொத்தத்தையும்தான் ஒயின் விஷயத்தில் தென் பிரான்ஸ் என்கிறோம்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 மணி நேரமோ அதற்கு மேலோ வெயில் அடிக்கும் இடங்கள் இவை. கோடையில் மழை அரிது. வடக்கிலிருந்து மிஸ்ட்ரால் என்ற காற்று நதிப் பள்ளத்தாக்கு வழியாகச் சீறி இறங்கும், மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடுவதும் உண்டு. விவசாயிக்கு அது தொல்லையும்தான், மருந்தும்தான். கொடியை முறிக்கும், ஆனால் மழைக்குப் பிறகு பழக்கொத்தை உலர்த்திப் பூஞ்சை வராமல் காப்பாற்றும். அதனால்தான் அங்கே பழைய தோட்டங்களில் கொடியைக் கம்பியில் படரவிடாமல், முழங்கால் உயரக் குத்துச்செடியாக வெட்டி வளர்த்திருப்பார்கள். காற்றுக்கு அது அசையாது, இலையின் நிழலும் பழத்தின் மேல் விழும்.

விளையாத புதர்நிலத்தில் தைம், ரோஸ்மேரி, ஜூனிப்பர் எல்லாம் தானாக முளைத்துக் கிடக்கும். அந்தப் புதர்க்காட்டுக்கு அங்கே 'காரிக்' என்று பெயர். ஒயினில் ஒரு மூலிகை வாடை வந்தால் அதையும் காரிக் என்றே சொல்வார்கள்.

யாருக்கு என்ன குறை

கிரனாஷ்தான் இந்தக் கலவையின் முதுகெலும்பு. ஸ்பெயினிலிருந்து வந்தது, அங்கே கர்னாச்சா. வறட்சியைத் தாங்கும், காற்றைத் தாங்கும், வெயில் எவ்வளவு அடித்தாலும் சர்க்கரையாக மாற்றிக்கொண்டே போகும். வாயில் உருண்டையாக, வெதுவெதுப்பாக, சிவப்புப் பழங்களின் வாசனையோடு இருக்கும். தெற்கு ரோன் ஒயினைப் பிடித்துப்போனவர்களுக்கு அனேகமாகப் பிடித்தது கிரனாஷ்தான்.

குறைகளும் அதே அளவுக்கு உண்டு. தோல் மெல்லியது, நிறம் வெளிர். புளிப்பு குறைவு. ஆல்கஹால் அலட்சியமாக 15ஐத் தாண்டும். காற்றுப் பட்டால் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நிறம் செங்கல் பக்கமாகச் சாய்ந்துவிடும். பூக்கும் காலத்தில் குளிரோ மழையோ வந்தால் பூ உதிர்ந்து விளைச்சலே பாதியாகிவிடும். இத்தனையையும் சமாளிக்க அதற்குத் துணை வேண்டும்.

முதல் துணை சிரா. ஆஸ்திரேலிய பாட்டிலில் ஷிராஸ் என்று இருப்பதும் இதுதான். கரும் ஊதா நிறம், உறுதியான துவர்ப்பு, கருப்புப் பழ வாசனை, மிளகு வாசனை. இந்த மிளகு கவிதைக்காகச் சொல்வது கிடையாது. ரோட்டண்டோன் என்ற ஒரு சேர்மம் நம் மிளகிலும் இருக்கிறது, சிராவின் தோலிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் அதை உறுதிசெய்தார்கள். சிரா பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து வந்தது என்று ஒரு கதை வெகுநாள் ஓடியது. 1990களின் கடைசியில் மரபணுச் சோதனை செய்து பார்த்ததில், துரேசா, மொந்தூஸ் பிளாஷ் என்ற இரண்டு உள்ளூர் பிரெஞ்சு வகைகளின் பிள்ளை என்று தெரிந்து கதை முடிந்தது. கிரனாஷுக்கு நேர்மாறாக, சிராவுக்குக் காற்று போதாமல் போனால்தான் தொல்லை: முட்டை அழுகின மாதிரி ஒரு வாடை வரும். ஒன்று காற்றுக்குப் பயப்படுகிறது, மற்றொன்று காற்றுக்கு ஏங்குகிறது. சேர்த்து வைத்தால் இரண்டும் அடங்கிவிடும்.

சிராவுக்கும் ஒரு பலவீனம்: கடும் வெயிலில் சட்டென்று பழுத்து, கொடியிலேயே வாடத் தொடங்கிவிடும். அந்த இடத்தில் மூர்வேத்ர் வருகிறது. இதுவும் ஸ்பெயின்காரர், அங்கே மொனஸ்த்ரெல். எல்லோருக்கும் கடைசியாகப் பழுக்கும். இதற்குத் தலையில் வெயிலும் காலில் தண்ணீரும் வேண்டும் என்று ப்ரோவான்ஸ் விவசாயிகள் சொல்வார்கள், அதனால்தான் கடலோரம் பிடிக்கும். தடித்த தோல், கடுமையான துவர்ப்பு, பதனிட்ட தோலும் இறைச்சியும் சேர்ந்த மாதிரி ஒரு முரட்டு வாசனை. ஆக்சிஜனேற்றத்தை எதிர்த்து நிற்பதில் கெட்டிக்காரர். நீண்ட காலம் வைத்திருக்க வேண்டிய ஒயினுக்கு ஆயுள் கொடுப்பது இதுதான். தூலோன் அருகே கடலைப் பார்த்த பாண்டோலில் சிவப்பு ஒயினில் பாதியாவது மூர்வேத்ர் இருக்க வேண்டும், 18 மாதம் மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இளம் வயதில் பாண்டோல் குடிப்பது ஒரு தண்டனை. பத்து வருடம் பொறுத்தால் வேறு ஆள்.

இந்த மூன்றையும் சேர்த்து ஆங்கில உலகத்தில் முதலெழுத்துகளால் ஜி.எஸ்.எம். என்று கூப்பிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் அதே பெயரில் செய்கிறார்கள்.

லாங்தோக்கில் நான்காவதாக ஒருவர் உண்டு: கரிஞான். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே எங்கு பார்த்தாலும் இதுதான். ஹெக்டேருக்கு ஏராளமாகக் காய்க்கும் என்பதால் நட்டுத் தள்ளினார்கள், தண்ணீர் மாதிரி ஒயின் கிடைத்தது, பெயரைக் கெடுத்துக்கொண்டது. 1970களிலிருந்து அரசே அதைப் பிடுங்கச் சொல்லி, தரம் உயர்த்தும் திராட்சை என்று சிராவை நடச் சொன்னது. பிடுங்காமல் மிச்சம் வைத்த அறுபது, எண்பது வயதுக் கொடிகள் கொஞ்சமாகத்தான் காய்க்கின்றன, அந்த ஒயின் அருமையாக இருக்கிறது. நல்ல புளிப்பு, கருமையான நிறம், வெயிலைத் தாங்கும் குணம். இன்றைக்கு அதைத் தனியாகவே பாட்டிலில் போட்டு விற்கிறார்கள். துவர்ப்பு முரடாக இருக்கும் என்பதால் ஒரு தந்திரம் செய்வதுண்டு: கொத்தை உடைக்காமல் முழுசாகத் தொட்டியில் போட்டு, கரியமில வாயுவால் மூடிவிட்டால், ஒவ்வொரு பழத்துக்குள்ளேயும் நொதித்தல் தொடங்கிவிடும். நிறமும் பழ வாசனையும் வரும், துவர்ப்பு அவ்வளவாக இறங்காது.

சன்சோ என்ற திராட்சை மென்மையானது, லேசானது, ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்குப் பெரும்பாலும் போய்விடும். சிவப்பில் கொஞ்சம் சேர்த்தால் கனம் குறைந்து மணம் கூடும். எனக்கு இது பிடிக்கும், ஆனால் இதைப் புகழ்ந்து எழுதுபவர்கள் குறைவு.

கலப்பது எப்போது, எப்படி

எல்லாத் திராட்சையையும் ஒரே தொட்டியில் கொட்டிப் புளிக்கவைப்பதும் உண்டு. பழைய தோட்டங்களில் பல வகைகள் கலந்தே நட்டிருப்பார்கள், அங்கே வேறு வழியும் இல்லை. ஆனால் கிரனாஷும் சிராவும் மூர்வேத்ரும் பழுப்பதற்கு இடையே வாரக்கணக்கில் இடைவெளி இருப்பதால், இன்று பெரும்பாலோர் தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாகப் புளிக்கவைத்து, பிறகு கலக்கிறார்கள்.

கிரனாஷ் காற்றுக்கு ஆகாது என்பதால் சிமென்ட் தொட்டியிலோ பெரிய பழைய மரத்தொட்டியிலோ வைப்பார்கள். சிராவுக்கும் மூர்வேத்ருக்கும் சிறிய மரப்பீப்பாய் தாங்கும், அது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விடும். குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் நாட்களில் ஒயின் செய்பவர் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து வந்து மேஜையில் வரிசையாக வைத்துக்கொள்வார். அளவுக் குழாயில் 60, 30, 10 என்று கலந்து ருசிப்பார். 65, 25, 10 என்று மாற்றுவார். ஒரே சிராவே இரண்டு நிலங்களிலிருந்து வந்திருந்தால் இரண்டு தொட்டி, இரண்டு ருசி. ஆகவே மூன்று திராட்சை என்றால் மூன்று மாதிரி என்று எண்ண வேண்டாம், இருபது மாதிரிகூட இருக்கும். ஐந்து சதவீதம் மூர்வேத்ர் கூடினாலே, விழுங்கிய பிறகு வாயில் நிற்கும் ருசி நீண்டுவிடும் என்று சொல்வார்கள். குடித்துப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

விகிதம் வருடத்துக்கு வருடம் மாறும். கிரனாஷின் பூ உதிர்ந்த வருடத்தில் சிரா கூடும். வெயில் கொளுத்திய வருடத்தில் மூர்வேத்ரைக் கூடுதலாக நம்புவார்கள். பிரான்ஸின் மேற்கே இருக்கும் போர்தோ பகுதியிலும் கலவை ஒயின்தான், ஆனால் அங்கே கலப்பதற்குப் பின்னால் இருப்பது அட்லாண்டிக் மழை: எது பழுக்கும், எது அழுகும் என்று தெரியாத இடத்தில் இரண்டு மூன்று வகையை நட்டு வைத்திருப்பது காப்பீடு. தெற்கில் பழுப்பது பிரச்சினையே இல்லை. பழுத்ததைக் கட்டுக்குள் வைப்பதுதான் பிரச்சினை.

கலவை என்றாலே சந்தேகம் ஏன் வந்தது

நியாயமான கேள்வி. கலப்பு என்ற சொல்லுக்குக் கலப்படம் பக்கத்திலேயே நிற்கிறது, தென் பிரான்ஸுக்கு அந்தச் சரித்திரமும் உண்டு.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ரோன் நதிக்கரைக்கு வந்து சேர்ந்தது. அங்கே தொடங்கி பிரான்ஸ் முழுவதும் கொடிகளை அழித்தது. அமெரிக்க வேர்மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். மீண்டும் நட்டபோது லாங்தோக் அளவைத்தான் பார்த்தது. சமவெளியில் அராமோன் என்ற, காய்த்துக் குலுங்கும் ஆனால் நிறமும் சாரமும் இல்லாத திராட்சை. அந்த வெளிறிய ஒயினுக்கு அல்ஜீரியாவிலிருந்து வந்த கரிய, பலமான ஒயினைக் கலந்து விற்றார்கள். இன்னொரு பக்கம் பிழிந்த சக்கையில் தண்ணீரும் சர்க்கரையும் ஊற்றிப் புளிக்கவைத்து அதையும் ஒயின் என்று விற்றார்கள். விலை அடியோடு சரிந்தது.

1907இல் ஆர்ஜெலியே கிராமத்தில் காபிக் கடையும் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் வைத்திருந்த மார்செலன் ஆல்பேர் என்பவர் 87 பேரோடு நார்போனுக்கு நடந்து போனார். ஞாயிறுதோறும் கூட்டம் பெருகியது. ஜூன் 9ஆம் தேதி மொம்பெலியேயில் கூடியவர்கள் பல லட்சம் பேர். நார்போனில் படை சுட்டதில் உயிர்கள் போயின. உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17ஆவது காலாட்படை உத்தரவை மீறிக் கலகம் செய்தது. அந்த மாதம் 29ஆம் தேதி கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. விளைந்த அளவை ஒவ்வொருவரும் அறிவிக்க வேண்டும் என்ற விதி அதில் வந்தது. புதிய திராட்சையோ அதன் சாறோ புளித்து வருவது மட்டுமே ஒயின் என்ற வரையறையும் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. இன்றைய பாட்டிலின் முத்திரைக்குப் பின்னால் அந்தக் கூட்டமும் நிற்கிறது.

அடுத்த கட்டம் அவிஞோனுக்கு வடக்கே ஷாத்தோநெஃப்-டு-பாப் என்ற ஊரில் நடந்தது. 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமில் இல்லாமல் அவிஞோனில் இருந்தார்கள். அவர்களில் இருபத்திரண்டாம் யோவான் கோடைவாசத்துக்குக் கோட்டை கட்டிய ஊர் அது. பெயர் பிரபலம், அதனால் போலிகளும் நிறைய. 1923இல் விவசாயிகள் சேர்ந்து, வழக்கறிஞரும் முதல் உலகப்போர் விமானியுமான பாரோன் லெ ருவாவை அணுகினார்கள். அவர் விதிகளை வகுத்துக் கொடுத்தார்: எந்த நிலம், எந்தத் திராட்சை, எவ்வளவு ஆல்கஹால் குறைந்தபட்சம், கெட்ட பழத்தைப் பொறுக்கி ஒதுக்குவது எப்படி. தைமும் லாவண்டரும் முளைக்கும் வறண்ட நிலம்தான் தகுதியானது என்பதும் அவர் வைத்த அளவுகோல்களில் ஒன்று. அதையே நாடு முழுவதற்கும் விரித்ததுதான் 1935இல் பிறந்த ஏ.ஓ.சி. என்ற கட்டுப்பாட்டு முறை. ஷாத்தோநெஃப் 1936இல் அந்தப் பட்டியலில் முதல் வரிசையில் வந்தது, கோத் டு ரோன் 1937இல்.

ஷாத்தோநெஃப் பட்டியலில் 13 திராட்சைகள். ஒரே வகையின் வெள்ளை, சாம்பல், கருப்பு வடிவங்களைத் தனித்தனியாக எண்ணினால் 18. இதில் வெள்ளைத் திராட்சையும் அடக்கம், அதைச் சிவப்பு ஒயினில் சேர்க்கலாம். எதை எவ்வளவு என்று கட்டாயம் கிடையாது. ஷாத்தோ த போகாஸ்தெல் என்ற தயாரிப்பாளர்கள் பதின்மூன்றையும் வளர்த்துக் கலக்கிறார்கள். அதே ஊரில் ஷாத்தோ ராயாஸ், மணல் நிலத்தில் விளைந்த கிரனாஷை மட்டும் வைத்துச் செய்கிறார்கள், துணையே இல்லாமல். இரண்டுமே உலகப் புகழ். இவ்வளவு நேரம் நான் சொன்னதற்கு ராயாஸ் ஒரு நல்ல எதிர்வாதம். ஆனால் அது குளிர்ந்த மணலும் மரநிழலும் வாய்த்த நிலம், எல்லோருக்கும் கிடைக்காது.

(இந்த ஊரின் நகராட்சி 1954இல், பறக்கும் தட்டுகள் எந்த நாட்டைச் சேர்ந்தவையானாலும் எங்கள் எல்லையில் இறங்கக்கூடாது என்று அதிகாரபூர்வமாகத் தடை விதித்தது. தடை வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும், இதுவரை ஒன்றும் இறங்கவில்லை.)

எந்த பாட்டிலை வாங்குவது

கோத் டு ரோன் சிவப்பில் தொடங்குங்கள். பிரான்ஸில் பத்து யூரோவுக்குள்ளேயே நேர்மையான ஒன்று கிடைக்கும். அதற்கு ஒரு படி மேலே 'வில்லாஜ்' என்ற சொல் சேர்ந்த பாட்டில்கள். அதற்கும் மேலே ஊரின் பெயரிலேயே வருபவை: ஜிகொந்தாஸ், வாக்கேராஸ், ராஸ்தோ, கேரான். ஜிகொந்தாஸில் குறைந்தது பாதி கிரனாஷ் இருக்கும், மலையடிவாரத்தில் விளைவதால் கொஞ்சம் இறுக்கமாகவும் இருக்கும். ஷாத்தோநெஃப் முதல் பாட்டிலாக வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதன் விலையில் பாதி பெயருக்குப் போகிறது. மற்றவற்றைக் குடித்துப் பழகாமல் அதன் கனத்தை ரசிக்கவும் வராது.

லாங்தோக் பக்கம் கோர்பியேர், மினர்வுவா, சன் ஷினியான், ஃபோஜேர், ஃபிட்டூ. ரோனைவிட மலிவு, கரிஞான் கூடுதல், கொஞ்சம் கரடுமுரடு. லேபிளில் 'பேய் தோக்' என்று இருந்தால் அது ஐ.ஜி.பி. என்ற தளர்வான பிரிவு. அதில் சிரா, மெர்லோ என்று திராட்சைப் பெயரைப் போட்டு விற்பது வழக்கம். அப்படிப் போட்டாலும் 85 சதவீதம் அந்தத் திராட்சை இருந்தால் போதும், மிச்சம் வேறாக இருக்கலாம். 'பழைய கொடிகள்' என்று பொருள்படும் சொல் லேபிளில் இருந்தால் மயங்கிவிடாதீர்கள், எத்தனை வயது பழையது என்பதற்குச் சட்ட வரையறை ஏதும் இல்லை.

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை, கணப்பு அடுப்பு வைத்த குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. 16 முதல் 18 டிகிரிதான் கணக்கு. நம் ஊர் அறையில் 32 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். வெயிலில் மாதக்கணக்கில் நின்ற கடைப் பாட்டில் வெந்துபோயிருக்கும், அதற்கு ஃபிரிட்ஜும் உதவாது.

அங்கே இதோடு சாப்பிடுவது ஆட்டிறைச்சி, ஒயினிலேயே மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சி 'தோப்', காஸுலே என்ற வாத்தும் வெள்ளை பீன்ஸும் சேர்ந்த கனமான பதார்த்தம். கொழுப்பு, துவர்ப்பை அடக்கும். மிளகாய் காரத்தோடு இந்த ஒயினை வைத்தால் சண்டைதான்: ஆல்கஹால் காரத்தைத் தூக்கும், டானின் எரிச்சலைக் கூட்டும். மிளகு, சீரகம் போட்ட வறுவலோடு ஓரளவு ஒத்துப்போகும். உடலுக்கு நல்லது என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. 15 சதவீத ஒயின் சின்ன விஷயமும் இல்லை.

விகிதம் மாறிக்கொண்டிருக்கிறது

2019 ஜூன் 28ஆம் தேதி லாங்தோக்கில் வெரார்க் என்ற ஊரில் வெப்பம் 46 டிகிரியைத் தொட்டது, பிரான்ஸில் பதிவானதிலேயே அதிகம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இலையும் காயும் தீய்ந்து தொங்கின. தெற்கு ரோனில் அறுவடை, போன நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஒப்பிட்டால் பல வாரங்கள் முன்னால் வந்துவிட்டது. கிரனாஷ் இப்போது 16 சதவீதத்தை எட்டிப் பார்க்கிறது, புளிப்போ இன்னும் இறங்குகிறது. குடிப்பவர்களும் குறைகிறார்கள்: 2024இல் பிரெஞ்சு அரசு, கொடியை நிரந்தரமாகப் பிடுங்கிவிட ஹெக்டேருக்கு 4,000 யூரோ கொடுக்கத் தொடங்கியது.

தொடர்பவர்கள் விகிதத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் வேண்டாம் என்று பிடுங்கிய கரிஞானையும் சன்சோவையும் திரும்ப நடுகிறார்கள், இரண்டும் வெயிலைத் தாங்கும். ஷாத்தோநெஃப்பில் பலர் கண்டுகொள்ளாமல் விட்ட கூனுவாஸ் என்ற வெளிறிய, புளிப்பான திராட்சைக்கு மவுசு வந்திருக்கிறது. சிவப்புத் தொட்டியில் கொஞ்சம் கிளெரெத் என்ற வெள்ளைத் திராட்சையைச் சேர்த்துப் புத்துணர்ச்சி கூட்டுகிறார்கள், பழைய பட்டியலில் அதற்கு இடம் இருந்தது நல்லதாகப் போயிற்று. 1961இல் மொம்பெலியே பக்கத்து ஆராய்ச்சியாளர் போல் த்ருய்யேல், கிரனாஷையும் காபர்னே சோவின்யோனையும் இணைத்து மார்சலான் என்ற புது வகையை உருவாக்கினார். பழம் சிறிதாக இருக்கிறது, சாறு போதவில்லை என்று அப்போது ஓரங்கட்டிவிட்டார்கள். இன்று கோத் டு ரோனில் சிறு அளவில் சேர்க்கிறார்கள். தன் திராட்சைப் பட்டியலை எளிதில் மாற்றாத போர்தோ, வெப்பம் கூடுவதைப் பார்த்து 2021இல் அனுமதித்த புது வகைகளில் மார்சலானும் ஒன்று. நிலத்தில் 5 சதவீதம் வரை நடலாம், கலவையில் 10 சதவீதம் வரை போகலாம்.